ஒன்பது கட்டம்

மணலி சாலையில் டிரெய்லர்கள்
நகர மறந்து நிற்கும் நேரம்.
எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் காற்றில்
லேசாக அமோனியா.
கணினியில் ஒன்பது கட்டம் திறந்திருக்கிறது.
"ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க மேடம்"
என்கிறான் மனிதவளத் துறை ஹரிகோவிந்தன்.

ஜாதகத்துக்குப் பன்னிரண்டு வேண்டும்.
இவர்களுக்கு ஒன்பது போதும்.
குறுக்கே, இன்று செய்கிற வேலை.
நெடுக்கே, நாளை செய்யக்கூடியது.
வலது மேல்மூலையில் உச்சம் பெற்றவர்கள்.
இடது கீழ்மூலையில்
கட்டம் சரியில்லாதவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி:
நாளை நீங்கள் வராவிட்டால் யார்?
முதல் வருடம் இதைப் படித்ததும்
கைப்பையில் பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தணிகாசலத்தின் ஆங்கிலம்
இஸ்திரி போட்ட சட்டை.
ஈசிஆர் விடுதிக்கு மூன்று நாள்
தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினோம்.
கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தான்,
கயிறு இழுத்தான்,
சான்றிதழோடு திரும்பி வந்தான்,
மறுமாதம் முந்த்ரா துறைமுகத்துக்குப் போய்விட்டான்.
உச்சக் கட்டத்தில் அவன் பெயரை
இன்னும் யாரும் அழிக்கவில்லை.

சிராஜுதீன்.
கப்பல் கம்பெனிக்காரன் கத்தக் கத்த
இவர் குரல் தாழும்.
ஆனால் எனக்கு ஒரு வருடம் முன்பே
அவருக்கு ஓய்வு.

ஜெனிட்டா.

காசிமேட்டிலிருந்து வந்தவள்.
சீல் எண் சரிபார்க்கத்தான் சேர்ந்தாள்.
இப்போது எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்று
கணினி திறப்பதற்குள் சொல்வாள்.
மூன்று வருடமாய் நடுக் கட்டத்தில் இருக்கிறாள்.
வைத்தது நான்.
"நல்ல உழைப்பாளி. இன்னும் தயாராகவில்லை."
போன வருட வரியை வெட்டி
இந்த வருடத்தில் ஒட்டுவேன்.
எதற்குத் தயாராகவில்லை என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா,
அவள் மேலே போய்விட்டால்
ராத்திரி இரண்டு மணிக்கு
நான் யாரை எழுப்புவது என்று?
குடத்துக்குள் விளக்கு என்பார்கள்.
குடம் நான்.

டிசம்பரில் என் பித்தப்பையை எடுத்தார்கள்.
மயக்கம் தெளிந்தபோது ஜன்னலில் புயல்.
கைபேசி அண்ணன் பையில் செத்துக் கிடந்தது.
யார்டில் காலிப் பெட்டிகள் ஐந்தடுக்கு நிற்கின்றன,
காற்று பிடித்தால் சீட்டுக்கட்டு.
படுத்தபடியே ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
தையல் இழுத்தது.

விடிந்து பேசினேன்.
"நேத்து மத்தியானமே மூணடுக்கா இறக்கிட்டோம் மேடம்.
ஜெனரேட்டருக்கு டீசல் போட்டாச்சு,
மீன் பெட்டியெல்லாம் குளிராத்தான் இருக்கு.
நீங்க கஞ்சி குடிச்சீங்களா?"

நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.
அதற்கு அடியில்,
பித்தப்பை இருந்த இடத்தில்,
ஏதோ கசந்தது.

இன்று அவள் பெயரைச் சுட்டியால் பிடித்து
மேலே இழுத்தேன்.
ஓர் அங்குலம்கூட இருக்காது.
உறுதியா என்று கேட்டது கணினி.

கீழே போய்ச் சொன்னேன்,
"எனக்கப்புறம்னு உன் பேரைக் கொடுத்திருக்கேன்."
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"எனக்கு வேணுமான்னு
அந்தத் தாள்ல எங்கயாச்சும் கேட்டிருக்கா மேடம்?"

கேட்கவில்லை.
ஒன்பதிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.
இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.
வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வந்தவள்
அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
"ஏன் மேடம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார்றீங்க?
யார்டே தெரியாதே."

எட்டு வருடமாய் இப்படித்தான்,
சாயங்கால வெயில் திரையில் அடிக்கும் என்று
சொல்ல ஆரம்பித்தேன்.
அவள் மேசையின் ஒரு முனையைத் தூக்கி
கனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.